லோரீனின் உதடும் ஐந்து ஆம்ப்ளிஃபயர்களும்

லோரீன் மிக்குலென்காவுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் பிடிக்காது என்பது லவாக்கா கவுண்டியில் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

"சேறு."

இன்னும் கொஞ்சம் சீண்டினால் விளக்கமும் கிடைக்கும். "ஒரு சுரம் இன்னொண்ணு மேல வழியுது. எனக்கு ஒவ்வொரு சுரமும் துவைச்சுத் தனித்தனியா கொடியில போட்ட துணி மாதிரி தெரியணும். டிரான்சிஸ்டர்லதான் அது நடக்கும். வால்வுல எல்லாம் ஒரே மூட்டை."

இதைக் கேட்டு, அப்பன் வைத்துவிட்டுப் போன வால்வுப் பெட்டியை விற்றவர்கள் உண்டு. துவைத்துக் காயப்போட்ட துணி என்ற உவமையைத் தன்னுடையது போல எடுத்துவிட்டவர்களும் உண்டு. வால்வே உசத்தி என்கிற எதிர்க்கட்சியினர்கூட அவள் காதைக் குறை சொன்னதில்லை. காது நல்ல காதுதான், ரசனைதான் கொஞ்சம் வறட்டு ரசனை என்பார்கள். ஆக, அந்தக் கருத்து அவள் காதிலிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சிக்கும் சந்தேகமே இல்லை.

உண்மையில் அது அவள் கீழுதட்டிலிருந்து வந்தது.

இருபத்தாறு வயதில், மாதா கோயில் விருந்து ஒன்றில், மழை பெய்து ஓய்ந்த புல்தரையில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். பெடல் ஸ்டீல் என்பது மார்போடு அணைத்துக்கொள்கிற கிட்டார் அல்ல. நான்கு கால்களில் மேசை மாதிரி முன்னால் நிற்கும். இரும்புக் கம்பிகள். இடது கையில் கனத்த இரும்புத் தண்டு. பாதத்துக்கு இரும்பு மிதிகள், முழங்காலுக்கு இரும்பு நெம்புகோல்கள். மனித உடம்பை இத்தனை இடத்தில் இரும்போடு பிணைத்து உட்காரவைக்கிற வாத்தியம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அன்று இரண்டாம் குரல் பாடுவதற்காக மைக் பக்கம் சாய்ந்தாள். உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே நீலமாக ஒன்று பாய்ந்தது. தண்டை விட நினைத்தாள், கை விடவில்லை. கத்த நினைத்தாள், வாய் அவளுடையதாக இல்லை. கண்கள் இறுக மூடிக்கொள்ள, உடம்பு முன்னும் பின்னும் ஆட, கிட்டாரிலிருந்து நீளமாக ஓர் ஓலம் எழுந்தது. பாட்டில் அவள் அப்படி உருகுவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள்.

போல்கா ஆடிக்கொண்டிருந்த ஒரு குடிகாரன் வயரில் கால் தடுக்கி விழுந்து பிளக்கைப் பிடுங்கியதால் பிழைத்தாள். அவனை எல்லோரும் திட்டினார்கள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பேண்டில் ஒருவன், பொம்பளையால நாலு மணி நேர டான்ஸைத் தாக்குப்பிடிக்க முடியாது என்று சொல்லியிருந்தான். வீட்டில் சொன்னால் புருஷன் ஆல்வின் கிட்டாரைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிடுவான். அவன் கூட்டுறவு மின்சாரச் சங்கத்தில் லைன்மேன், ஷாக் அடித்தவர்களைப் பார்த்தவன். வீங்கிய உதட்டுக்குச் சூடான எண்ணெய் தெறித்துவிட்டது என்று ஒரு காரணம் சொன்னாள். பேண்டில், இனி இரண்டாம் குரல் வேண்டாம், தொண்டை ஒத்துழைக்கவில்லை என்றாள். அன்று வைத்திருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிறது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். டிரான்சிஸ்டர் பெட்டியில் அத்தனை இல்லை. கணக்கு முடிந்தது: வால்வு கொல்லும், டிரான்சிஸ்டர் கொல்லாது. இந்தக் கணக்கை வெளியில் சொல்ல முடியாதே, அதனால்தான் சேறும் கொடியும் துணியும்.

வேடிக்கை என்னவென்றால் அவள் பயந்தவள் அல்ல. பகலெல்லாம் தன் சலூனில் ஈரத் தலைகளுக்கு நடுவே ஹேர் டிரையரைச் சுழற்றுகிறவள். இடி இறங்கும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். சாரைப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிவாள். வால்வு ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டால் மட்டும் அந்தப் பக்கமே போக மாட்டாள்.

*

ஸ்டீல் கிட்டார் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை, மான் வேட்டைக் காலம் முடிந்து வேறு வேலை இல்லாத பிப்ரவரி ஞாயிறு ஒன்றில், ஆம்ப்ளிஃபயர் ஒப்பீடு நடத்தும். புனித புரோகோப் மன்றத்தில் திரை கட்டி அதன் பின்னால் ஐந்து பெட்டிகளை வரிசையாக வைப்பார்கள். ஒரே ஆள், ஒரே பாட்டு, ஐந்து பெட்டி. எது எந்தப் பெட்டி என்று கேட்பவர்களுக்கும் தெரியாது, வாசிப்பவருக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் முடிந்ததும் வாசித்தவரே மைக்கில் எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு ஓட்டு, பிறகு சண்டை, பிறகு பிரிஸ்கெட் கறி விருந்து.

அந்த வருஷம் வாசிக்க லோரீனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"உன் கைதான் மாறாத கை," என்றான் சங்கத் தலைவன் வில்பர்ட் ஓர்சாக். மாட்டுத்தீவனக் கடைக்காரன். வால்வுக் கட்சியின் தலைவனும் அவன்தான். "நாங்கல்லாம் நம்ம பெட்டி வந்தா நம்மையறியாம நல்லா வாசிச்சிடுவோம். நீ எதுலயும் ஒரே மாதிரி வறட்டுத்தனமா வாசிப்ப."

"நன்றி வில்பர்ட். நீ செத்தா உன் சாவுக்கு வந்து இதே மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்றேன்."

சிரித்தபடி சொல்லிவிட்டாள். வண்டியில் ஏறியதும் சிரிப்பு போயிற்று. வில்பர்ட் தன் பழைய பெட்டியைக் கொண்டுவராமல் இருக்க மாட்டான். அதை அவள் பார்த்திருக்கிறாள். பிளக்கில் மூன்றாவது முள்ளை, எர்த் முள்ளை, வில்பர்ட் எப்போதோ குறட்டால் வெட்டி எடுத்திருந்தான். வெட்டினால் பெட்டியின் 'ஹ்ம்ம்' என்ற இரைச்சல் போய்விடும். அந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். இரைச்சல் இல்லாத சுத்தமான சத்தத்துக்கு அப்படி ஒரு மரியாதை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வால்வு சத்தம் பிடிக்காதவள் அதை ஒருமுறை வாசித்துக்காட்டுவதில் என்ன கஷ்டம்? காதுக்குப் பிடிக்காததற்கும் உயிருக்குப் பயப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தாள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்பெடலுக்குள் ஒரு நூல் உண்டு; அது அறுந்தால் கிட்டார் ஊமை. அதை ஷேவிங் பிளேடால் முக்கால்வாசி அறுத்து வைத்தாள். முதல் சுரத்தில் இது வில்பர்ட்டின் பெட்டி என்று காது சொன்னதும் ஓங்கி ஒரு மிதி. நூல் அறுந்தது, மன்னிக்கணும், வாங்க சாப்பிடலாம்.

*

ஞாயிறு காலை பூசை முடிந்ததிலிருந்து மழை. மன்றத்தின் சிமென்ட் தரையில் வருகிறவர்களின் பூட்ஸ் தடங்கள் குளம் குளமாகத் தேங்கின. ஆல்வின் சாசேஜுக்காகக் கூட வந்திருந்தான். இசை அவனுக்கு ஒரு பொருட்டில்லை. லோரீன் கசகசா வைத்த கோலாச்சே பன் ஒன்றை எடுத்து, கடிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, மூஞ்சி வெளுத்துக்கிடக்கு?" என்றான் ஆல்வின்.

"குளிருது."

"உள்ள ஹீட்டர் ஓடுதே."

"அப்ப ஹீட்டர் குளிருது. போய் சாப்பிடு."

வில்பர்ட் திரையை விலக்கித் தன் ஏற்பாடுகளைப் பெருமையாகக் காட்டினான். ஐந்து பெட்டிகளிலிருந்தும் வயர்கள் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டிக்கு வந்தன. அதன் குமிழைத் திருப்பினால் கிட்டாரின் சத்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். எல்லா பிளக்கிலும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அடாப்டர்.

"போன வருஷம் என் பெட்டில இரைச்சல் இல்ல, மத்ததுல இருந்துது. அதை வெச்சே கண்டுபிடிச்சுட்டானுங்க. அதனால இந்த வருஷம் எல்லாத்துக்கும் எர்த்தை எடுத்தாச்சு. நியாயம்னா நியாயம்."

லோரீன் தலையாட்டினாள். அவளுடைய சொந்தப் பெட்டி, இருபது வருஷமாக அவளைக் கடிக்காத டிரான்சிஸ்டர் பெட்டி, இரண்டாவது இடத்தில் இருந்தது. வில்பர்ட்டின் பெட்டி கடைசியில், சிவப்பு விளக்கோடு. "இப்ப இடம் மாத்தி எண் போடுவேன். நீ திரும்பி நில்லு," என்றான் அவன். திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

உட்கார்ந்தாள். எதிரே நாற்பது நாற்காலிகள். முன்வரிசையில் டுவேன் ஹோலுப். மருந்துக்கடைக்காரன், முப்பத்தைந்து வயது, டிரான்சிஸ்டர் கட்சியின் தீவிரத் தொண்டன். மாமன் கொடுத்த வால்வுப் பெட்டியை லோரீனின் பேச்சைக் கேட்டு விற்றவன்.

"ஒண்ணு!" என்றான் வில்பர்ட் திரைக்குப் பின்னாலிருந்து.

முதல் சுரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் பெட்டி. மூச்சு இறங்கியது. மெதுவான வால்ட்ஸ் ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்தாள். தண்டு கம்பியில் வழுக்கியது, மிதிகள் பணிந்தன. இன்னும் நான்கில் ஒன்றுதான் பாம்பு, மற்றதெல்லாம் கயிறு என்று மனசு சொன்னது. பாட்டை முடித்து, இடது கை கம்பியிலேயே இருக்க, எண்ணைச் சொல்ல மைக்கருகே குனிந்தாள்.

உதட்டில் எறும்பு ஊர்ந்தது.

சின்னதாக, நமநமவென்று. அவளுக்கு அது எறும்பு இல்லை என்று தெரியும். தலையைப் பின்னுக்கு இழுத்தாள். கொண்டை ஊசி ஒன்று கழன்று தரையில் விழுந்தது.

"நம்பரை மறந்துட்டியா? கஷ்டமான நம்பர்தான், ஒண்ணு," என்று யாரோ கத்த, நாற்காலிகள் சிரித்தன.

அவள் சிரிக்கவில்லை. தன் பெட்டி. கடிக்காத பெட்டி. இத்தனை வருஷம் எதை நம்பிச் சனிக்கிழமைதோறும் மேடை ஏறினாளோ அந்தக் கணக்கே தப்பு. அப்படியானால் எந்தப் பெட்டியும் கடிக்கும். எந்த மன்றத்திலும் கடிக்கும். இத்தனை நாளாகக் கடிக்காமல் இருந்ததுதான் அதிசயம். யோசிக்காமல் பெடலை ஓங்கி மிதித்தாள். நூல் பட்டென்று அறுந்தது.

"பெடல் போச்சு," என்றாள். தன் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "அவ்வளவுதான். இன்னிக்கு ஆகாது."

"இருங்க மிஸ் லோரீன்!" டுவேன் எழுந்துவிட்டான். "என்கிட்ட நூல் இருக்கு. எப்பவும் பையில வெச்சிருப்பேன். ரெண்டு நிமிஷம்."

"வேணாம் டுவேன்."

"உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்?"

விசுவாசிகளால் வரும் தொல்லை இதுதான். அவள் எழுவதற்குள் அவன் ஈரத் தரையில் மண்டிபோட்டுவிட்டான். ஒரு கை கிட்டாரின் இரும்புக் காலைப் பற்றியது. தலைக்கு மேலே மைக் ஸ்டாண்டு இடைஞ்சலாக நின்றது. அதைத் தள்ளிவைக்க இன்னொரு கை மேலே நீண்டது.

"தொடாத!"

அவ்வளவு பெரிய சத்தம் தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தொண்டை ஒத்துழைக்காதவள் என்று இருபது வருஷமாகப் பேர். டுவேன் கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்து விழுந்தான். ஆல்வின் சாசேஜ் தட்டை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"லோரீன்?"

"அதுல கரண்டு இருக்கு. மைக்கையும் கிட்டாரையும் சேத்துத் தொட்டா பிடிச்சுக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப உதட்டுல கடிச்சுது. முன்ன ஒரு தடவையும் கடிச்சுது. அப்ப விடல." கையைப் பார்த்தாள். இன்னும் தண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. தரையில் போட்டாள், தண்டு உருண்டு போனது. "கோயில் விருந்துல. அந்தப் புல்தரையில. நான் உருகி வாசிச்சேன்னு கைதட்டினீங்களே, அது உருக்கம் இல்ல."

அன்று கைதட்டியவர்கள் அந்த மன்றத்திலேயே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். யார் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொப்பிகளைச் சரிசெய்தார்கள்.

ஆல்வின் வண்டிக்குப் போய் டெஸ்டர் எடுத்துவந்தான். பேனா மாதிரி இருக்கும். கரண்டு இருந்தால் நுனி சிவக்கும். கிட்டாரின் காலருகே கொண்டுபோனான். சிவந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். வாழ்நாளெல்லாம் கம்பத்தில் தொங்கியவன் பின்வாங்குவதைப் பார்த்ததும் முன்வரிசை முழுக்கக் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டது.

திரைக்குப் பின்னால் போய் ஒவ்வொரு வயராகத் தொடர்ந்தான். கோளாறு வில்பர்ட்டின் பெட்டியில்தான். ஆனால் ஸ்விட்ச் பெட்டி சத்தத்தை மட்டும்தான் பிரித்தது. வயர்களின் வெளிக்கம்பி எல்லாம் உள்ளே ஒன்றாகக் கோர்த்திருந்தது. ஒரு பெட்டியின் விஷம் ஐந்துக்கும் போனது. வெளியே போக எர்த் ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை, வில்பர்ட் சொன்ன நியாயம் அது.

"என் பெட்டி முப்பது வருஷமா இப்படித்தான் இருக்கு. நான் சாகலையே," என்றான் வில்பர்ட். முகம் தீவனச் சாக்கு நிறத்தில் இருந்தது.

"நீ பாடறதில்லையே."

"பாட விட்டாத்தானே இவனுங்க."

"உன்னைக் காப்பாத்தியிருக்கானுங்க," என்றான் ஆல்வின்.

பிறகு லோரீனிடம் வந்து மெதுவாகக் கேட்டான். "எண்ணெய் தெறிச்சுதுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"அன்னிலேருந்து நம்ம வீட்டுல உன்னை எதையும் பொரிக்கவே விட்டதில்ல. கோழி, மீனு, எல்லாம் நான்தான் நின்னு பொரிச்சேன்."

"தெரியும். நல்லாவே பொரிக்கிற."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் அடாப்டர்களைப் பிடுங்கப் போய்விட்டான். பிடுங்கியதை ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டியில் எறிந்த வேகத்தில் அவன் கோபம் யார் மேல் என்று சொல்ல முடியவில்லை. வில்பர்ட்டின் பெட்டிக்கு ஒரு பச்சை வயரைத் திருகி எர்த்தோடு கட்டினான். டெஸ்டர் எங்கே வைத்தாலும் இப்போது சிவக்கவில்லை. அதற்குப் பதிலாக இரைச்சல் வந்தது. ஐந்து பெட்டியும் சேர்ந்து தேன்கூடு மாதிரி.

"கெட்டுது போ," என்றார் பின்வரிசையில் ஒருவர். "அதோ அந்தக் கீச்சு ரேமண்டு கொண்டுவந்த பெட்டி. அந்த அடிக்குரல் உறுமல் வில்பர்ட்டோடது. இனி எதுக்குத் திரை?"

உண்மைதான். யாருடைய இரைச்சல் எது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒப்பீடு செத்துவிட்டது. அவளை விட்டுவிடுவார்கள். யாரும் வற்புறுத்தப்போவதில்லை, இனி எந்நாளும் வற்புறுத்த மாட்டார்கள். அந்த நினைப்பில் லோரீனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

டுவேன் நூலைக் கட்டிமுடித்து நிமிர்ந்தான். "மிஸ் லோரீன், ஒண்ணு கேக்கலாமா? அந்தச் சேறு, துணி, கொடி எல்லாம்…"

"பயம்."

"அப்ப வால்வு நிஜத்துல எப்படி இருக்கும்?"

"தெரியாது. அதுல உக்காந்து நான் நிதானமா கேட்டதே இல்ல."

அவன் விற்ற பெட்டியை நினைத்துக்கொண்டானோ என்னவோ, மிச்ச நூலைப் பையில் போட்டான். பிறகு தரையில் உருண்டு கிடந்த தண்டை எடுத்து, அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

லோரீன் அதை வாங்கிக்கொண்டாள்.

"வில்பர்ட், உன்னுது எந்த எண்?"

"நாலு. லோரீன், நீ ஒண்ணும்…"

"போடு."

ஆல்வின் வந்தான். ஒரு கையால் கிட்டாரின் உடலையும் மறு கையால் மைக்கையும் இறுகப் பிடித்து, ஒரு பாட்டு நேரம் அப்படியே நின்றான். ஒன்றும் ஆகவில்லை. "பாத்துக்க," என்றான். பார்த்தாள். புத்திக்கு விளங்கியது. உடம்புக்கு விளங்கவில்லை, அது இன்னும் அந்தப் புல்தரையிலேயே கிடந்தது.

அதே வால்ட்ஸை எடுத்தாள். தண்டு கம்பியில் படும்போது கை நடுங்கியதில் முதல் சுரமே அலையடித்துக்கொண்டு வந்தது. "அடேயப்பா, என்ன அதிர்வு," என்று பின்வரிசைக்காரர் மெய்ம்மறந்து சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார். சத்தம் சேறாக இல்லை. சுரம் அறுந்து நிற்காமல், போகிற இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து விடைபெற்றது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததும் உண்மைதான். ஆனால் அது மூட்டை இல்லை. இத்தனை வருஷம் இதையா சேறு என்றேன் என்று நினைத்ததும், வேறு எதையெல்லாம் இப்படித் தப்பாகச் சொல்லிவைத்தேனோ என்று இன்னொரு பயம் புதிதாக எட்டிப்பார்த்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டு முடிந்தது. கை கம்பியிலேயே இருந்தது. மைக் ஒரு சாண் தூரத்தில்.

"நாலு," என்றாள்.

அது மைக்கில் விழவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஆல்வின் ஜன்னலோரம் நின்று தட்டைக் கையில் எடுத்தான், திரும்ப வைத்தான்.

"கேக்கல லோரீன்," என்றான்.

கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவள் எடுக்கவில்லை. குனிந்தாள். சாண் அரைச் சாணாயிற்று. மைக்கின் வலையில் பழைய பீர் வாசமும் யாருடையதோ புகையிலை வாசமும் அடித்தது. கண்ணை மூடினால் பழைய இடத்துக்குப் போய்விடுவோம் என்று திறந்தே வைத்துக்கொண்டாள். கீழுதடு குளிர்ந்த இரும்பில் பட்டது. இரும்புதான்.

"நாலு."

இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தும் அவள் குரல் மன்றம் முழுக்கப் போயிற்று. யாரும் கேட்காமலே அவள் இன்னொரு தடவை சொன்னாள்.